பிப் கொடுப்பனவு: தொலைபேசி மதிப்பீட்டில் என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள்?

பிரித்தானியாவில் நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் முக்கியமான கொடுப்பனவு பிப். ‘பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்’ என்பதன் சுருக்கம் அது. 2025 மார்ச்சில் இதன் விதிகளை இறுக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, “பிப்பை நிற்பாட்டிவிட்டார்களாம்”, “இனி 4 புள்ளி இல்லாமல் கிடைக்காதாம்” என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிப்பில் அன்றாட வாழ்வு, நடமாட்டம் என இரண்டு பகுதிகள்; குறிப்பிட்ட செயல்களில் உள்ள சிரமத்துக்குப் புள்ளி தந்து, அதை வைத்தே பணம் தருவார்கள். ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி பெறாதவருக்கு அன்றாட வாழ்வுப் பகுதி கிடையாது என்பது அப்போது முன்வைத்த யோசனைதான். சொந்தக் கட்சி எம்பிக்களே எதிர்த்ததால், 2025 ஜூலை 1ஆம் தேதி, மசோதா மீதான விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அந்தப் பிரிவைக் கைவிட்டது. பிப்பின் எதிர்காலத்தை ஆராயும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸின் மீளாய்வுக்குப் போனது. 4 புள்ளி விதி சட்டமாகவில்லை. விண்ணப்பிக்க நினைத்தவர்கள் அந்த வதந்தியை நம்பிக் காத்திருந்தால் இழப்பு அவர்களுக்குத்தான், ஏனென்றால் பிப் பணம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு.

மாறாமல் இருக்கும் அந்தப் பழைய விதிகள் என்ன, அதன்படி நடக்கும் தொலைபேசி மதிப்பீட்டில் ஏன் அப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

யாருக்கு உரியது

16 வயதுக்கும் அரச ஓய்வூதிய வயதுக்கும் இடைப்பட்டவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஓய்வூதிய வயதைத் தாண்டிய பிறகு முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு ‘அட்டென்டன்ஸ் அலவன்ஸ்’ என்ற வேறொரு கொடுப்பனவு உண்டு. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு 2022 முதல் ‘அடல்ட் டிசெபிலிட்டி பேமென்ட்’. அங்கே புள்ளி முறை ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் நடைமுறை வேறு. இந்தக் கட்டுரை இங்கிலாந்தையும் வேல்ஸையும் மனதில் வைத்தது.

வேலை செய்பவருக்கும் பிப் கிடைக்கும். வருமானம், சேமிப்பு, வீட்டில் மற்றவர் சம்பளம் எதையும் பார்ப்பதில்லை. வரியும் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான கொடுப்பனவு) எடுப்பவருக்குப் பிப் கிடைத்தால் யூனிவர்சல் கிரெடிட் பணம் குறையாது. யூனிவர்சல் கிரெடிட்டில் நடக்கும் ‘வேலை செய்யும் திறன்’ மதிப்பீடு வேறு, பிப் மதிப்பீடு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, “நான் வேலைக்குப் போறன், எனக்குத் தரமாட்டாங்கள்” என்று விட்டுவிட்டவர்கள் நம்மிடையே நிறைய.

இரண்டு நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டுகள் (156 வாரங்களில் 104) பிரித்தானியாவில் இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அடுத்தது விசா: ‘பொது நிதி பெற உரிமையில்லை’ என்று விசாவில் இருந்தால் பிப்பும் அந்தப் பொது நிதிக்குள் அடங்கும். அப்படிப்பட்டவர்கள் குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் விண்ணப்பிக்கக் கூடாது.

சிரமம் ஏற்கெனவே 3 மாதம் இருந்திருக்கவேண்டும், இன்னும் 9 மாதமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். இன்னும் 12 மாதத்துக்கு மேல் வாழ்வது கடினம் என்று வைத்தியர் கருதும் நோயாளிகளுக்கு இந்தக் கால நிபந்தனை இல்லை. மதிப்பீடும் இல்லாமல் விரைவாக முடிவெடுப்பார்கள்.

நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது

இது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். நீரிழிவு, மூட்டுவாதம், மன அழுத்தம் என்று எந்த நோயின் பெயருக்கும் பிப்பில் புள்ளி இல்லை. அந்த நோயால் 12 குறிப்பிட்ட செயல்களைச் செய்வதில் என்ன சிரமம் என்பதற்கே புள்ளி.

அன்றாட வாழ்வுப் பகுதியில் 10 செயல்கள்: உணவு தயாரித்தல், உண்ணுதல், மருந்தையும் சிகிச்சையையும் கவனித்தல், குளித்தல், மலசலத் தேவை, உடுத்தல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வாசித்துப் புரிந்துகொள்ளுதல், மனிதரோடு பழகுதல், பணம் பற்றிய முடிவெடுத்தல். நடமாட்டப் பகுதியில் 2: பயணத்தைத் திட்டமிட்டுப் போய்ச்சேருதல், நடத்தல்.

ஒவ்வொரு செயலுக்கும் படிநிலைகள் உண்டு. ஒரு செயலில் உங்களுக்குப் பொருந்தும் படிநிலைகளில் உயர்ந்ததன் புள்ளி மட்டுமே கணக்கில் வரும். பிறகு எல்லாச் செயல்களின் புள்ளிகளையும் பகுதிவாரியாகக் கூட்டுவார்கள். 8 புள்ளி என்றால் சாதாரண விகிதம், 12 என்றால் கூடிய விகிதம். 2025-26இல் வாரத்துக்கான தொகை: அன்றாட வாழ்வுக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண். பொதுவாக 4 வாரத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வரும்.

எட்டு என்பது எட்டாத எண் இல்லை. மூட்டுவாதம் உள்ள ஒருவர் நின்று சமைக்க முடியாமல் உயரமான ஸ்டூலில் இருந்து சமைக்கிறார்: 2 புள்ளி. குளிக்கும் இடத்தில் கதிரை போட்டிருக்கிறார்: 2. காலுறையும் காற்சட்டையும் போட்டுவிட இன்னொருவர் வேண்டும்: 2. கழிவறையில் கைப்பிடி இல்லாமல் எழும்ப முடியாது: 2. மொத்தம் 8. கைவிடப்பட்ட அந்த 4 புள்ளி யோசனை நடைமுறைக்கு வந்திருந்தால் இப்படி இரண்டு இரண்டாகச் சேர்ப்பவர்கள்தான் அன்றாட வாழ்வுப் பகுதியை இழந்திருப்பார்கள்.

ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி இல்லை. பேசுதல், வாசித்தல் இரண்டையும் உங்கள் தாய்மொழியை வைத்தே பார்க்க வேண்டும் என்பது விதி. பக்கவாதத்துக்குப் பிறகு தமிழே தடுமாறுகிறது என்றால், அதற்குப் புள்ளி உண்டு.

‘செய்ய முடியும்’ என்பதற்குச் சட்டம் சொல்லும் பொருள்

ஒரு செயலை உங்களால் செய்ய முடியும் என்று சொல்ல, நான்கும் பொருந்த வேண்டும்:

1. பாதுகாப்பாக: செய்யும்போதோ செய்து முடித்த பிறகோ உங்களுக்கோ மற்றவருக்கோ தீங்கு வரும் வாய்ப்பு இருக்கக் கூடாது.
2. ஏற்கத்தக்க தரத்தில்: உடம்பு நனைந்தது, ஆனால் முதுகும் காலும் கழுவப்படவில்லை என்றால் அது குளியல் ஆகாது.
3. திரும்பத் திரும்ப: தேவைப்படும் தடவை எல்லாம். காலையில் ஒருமுறை படியேறி, பிறகு பகல் முழுக்கப் படுத்திருக்க வேண்டியிருந்தால் இந்த நிபந்தனையில் தவறுகிறது.
4. நியாயமான நேரத்துக்குள்: அந்தச் சிரமம் இல்லாத ஒருவர் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது.

இந்த நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும், அந்தச் செயலை அந்த விதத்தில் செய்ய முடியாதவராகவே உங்களைக் கருத வேண்டும். 2013ஆம் ஆண்டு பிப் ஒழுங்குவிதிகளிலேயே இது இருக்கிறது. கேட்டுப் பெறும் சலுகை என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வரும் நோய்களுக்கு இன்னொரு கணக்கு. 12 மாத காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்தச் சிரமம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பார்கள். நாளில் ஒரு பொழுது சிரமம் இருந்தாலே, அது அந்தச் செயலைப் பாதிக்குமானால், அந்த நாள் சிரமமான நாள்தான். ஆகவே “சில நாள் ஏலாது” என்று சொல்வதால் பலனில்லை. “வாரத்தில் 4, 5 நாள் ஏலாது” என்றால் மதிப்பீட்டாளருக்கு ஒரு அளவு கிடைக்கிறது.

விண்ணப்பமும் படிவமும்

பெரும்பாலானோர் வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்துக்கு (டிடபிள்யூபி) தொலைபேசியில் அழைத்தே தொடங்குகிறார்கள். அந்த அழைப்பில் தேசியக் காப்புறுதி இலக்கம், வங்கி விவரம், ஜீபி (குடும்ப வைத்தியர்) பெயர் போன்றவற்றைத்தான் கேட்பார்கள். அதற்குப் பின் ‘உங்கள் இயலாமை உங்களை எப்படிப் பாதிக்கிறது’ என்ற நீண்ட படிவம் வரும். நிரப்பி அனுப்ப ஒரு மாதம். போதாவிட்டால் காலக்கெடு முடியும் முன்பே அழைத்து நீட்டிக்கக் கேட்க வேண்டும்.

படிவத்தில் எழுதுவதுதான் மதிப்பீட்டின் அத்திவாரம். தொலைபேசியில் சொல்வதும் படிவத்தில் இருப்பதும் முரண்பட்டால் இரண்டையும் நம்பமாட்டார்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு நாளில் அதைப் பார்த்துத்தான் பேசப்போகிறீர்கள்.

ஆதாரங்களில் கனமானவை உங்கள் அன்றாடச் சிரமத்தைச் சொல்பவை: நிபுணர் வைத்தியரின் கடிதம், தொழில்வழிச் சிகிச்சையாளரின் அறிக்கை, மருந்துப் பட்டியல், கூட இருந்து பார்ப்பவர் எழுதிய குறிப்பு. வைத்தியசாலைக்கு வரச்சொன்ன தேதிக் கடிதங்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவதில் பயனில்லை. ஆதாரம் வரட்டும் என்று படிவத்தைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டாம். ஆதாரத்தைப் பிறகு அனுப்பலாம். டிடபிள்யூபியே ஜீபியிடம் எல்லாம் கேட்டுக்கொள்ளும் என்று நம்பி இருக்கவும் கூடாது.

அழைப்பில் பேசுபவர் யார்

மதிப்பீட்டை நடத்துவது ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வட இங்கிலாந்தை மெக்சிமஸும், மிட்லண்ட்ஸ், வேல்ஸை கெப்பிட்டாவும், தென்மேற்கை சேர்கோவும், லண்டன் உள்ளிட்ட தென்கிழக்கையும் கிழக்கு ஆங்கிலியாவையும் இன்ஜியஸும் பார்க்கின்றன. பேசுபவர் தாதியாகவோ இயன்முறைச் சிகிச்சையாளராகவோ அவசர மருத்துவ உதவியாளராகவோ இருப்பார். உங்கள் நோயில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சிகிச்சை தருவதும் அவர் வேலை இல்லை. அவர் அறிக்கை எழுதுவார். முடிவெடுப்பவர் டிடபிள்யூபி அதிகாரி. ஆனால் அந்த அதிகாரி பெரும்பாலும் அறிக்கையைப் பின்பற்றுவதால் இந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு கனம்.

2020 மார்ச்சில் கோவிட் காரணமாக நேரடி மதிப்பீடுகளை நிறுத்தியபோது தொலைபேசி முறை பெருகியது. நேரடிச் சந்திப்புகள் மீண்டும் தொடங்கியபின்னும் தொலைபேசி நிலைத்துவிட்டது. நோயாளிக்கு இது வசதி. பாதகமும் உண்டு. நீங்கள் கதிரையிலிருந்து எழும்பப் படும் பாடு மறுமுனைக்குத் தெரியாது. நம் ஆட்கள் பேச்சில் பாதியைக் கையால் காட்டுபவர்கள். “இஞ்ச இருந்து இவ்வளவுக்கும் ஒரே விறைப்பு” என்று தோளிலிருந்து விரல்நுனி வரை தடவிக் காட்டினால், தொலைபேசியில் அது ‘இங்கே வலி’ மட்டும்தான். எந்தக் கை, எந்த மூட்டு, எவ்வளவு நேரம் என்று வாயால் சொல்ல வேண்டும்.

“ஓம், சமைப்பன்”

மதிப்பீட்டில் புள்ளி கைநழுவும் இடம் பெரும்பாலும் இந்த மாதிரிப் பேச்சுத்தான்:

“சமைப்பீங்களா?”

“ஓம், சமைப்பன்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“பிள்ளையளுக்குச் சமைக்கத்தானே வேணும். ஒரு மாதிரிச் சமாளிப்பன்.”

அறிக்கையில்: ‘தினமும் குடும்பத்துக்குச் சமைக்கிறார்.’ புள்ளி 0.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அந்நியரிடம் “என்னால் ஏலாது” என்று சொல்வது நமக்குக் கூச்சம். சமாளிப்பதைப் பெருமையாகவே வளர்ந்திருக்கிறோம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். மரக்கறியை மகன் முதல்நாள் இரவு வெட்டி வைக்கிறான். சுடுதண்ணீர்ப் பானையை இறக்க விரல் பிடிப்பதில்லை. போன மாதம் கைதவறிக் காலில் ஊற்றிக்கொண்டார், அதிலிருந்து மகன் வந்துதான் இறக்குகிறான். அடுப்படியில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை. சமைத்தபின் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். இதெல்லாம் வாரத்தில் 5 நாள். இதைச் சொல்லியிருந்தால், ‘இன்னொருவரின் உதவி வேண்டும்’ என்ற படிநிலை: 4 புள்ளி.

சோறும் மூன்று கறியும் சமைக்க முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விதியில் உள்ளது, புதிய பொருட்களைக் கொண்டு ஒருவருக்கு மட்டும் சமைக்கும் ஒரு எளிய உணவு. குனிந்து ‘அவன்’ எனும் வெதுப்பு அடுப்பில் வைப்பது கணக்கில் வராது. இடுப்பு உயரத்துக்கோ அதற்கு மேலோ வைத்துச் சூடாக்குவதுதான் சமையல். ஆகவே “அவன் அடுப்புக்குக் குனிய ஏலாது” என்று மட்டும் சொன்னால் புள்ளி வராது. அதே ஆள் பானையைத் தூக்க முடியாததைச் சொன்னால் வரும்.

நடையும் அப்படித்தான். கேள்வி மீட்டரில் வரும்: 20, 50, 200. துணைக்கருவி இல்லாமல் 20 முதல் 50 மீட்டர் வரைதான் நடக்க முடியும் என்றால் 8 புள்ளி, கோலோ ஊன்றோ பிடித்துத்தான் அந்தத் தூரம் என்றால் 10, 20 மீட்டரையே தாண்ட முடியாவிட்டால் 12. லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஏறத்தாழ 11 மீட்டர் நீளம். 20 மீட்டர் என்பது இரண்டு பஸ்ஸுக்கும் சற்றுக் குறைவு. “கடை வரைக்கும் நடப்பன்” என்று சொல்லும் முன், அந்தக் கடை எத்தனை மீட்டர், வழியில் எத்தனை தடவை நின்றீர்கள், திரும்பி வந்தபின் என்ன ஆனது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்கதை போல வரும் கேள்விகள்

“கார் ஓட்டுவீங்களா?”, “விடுமுறைக்கு எங்கேயாவது போனீங்களா?”, “பொழுது எப்படிப் போகிறது?” இவை சும்மா கேட்பவை இல்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடிவு எடுக்கப்படும். கார் ஓட்டுபவருக்குக் கவனமும் கைப்பிடியும் வழி கண்டுபிடிக்கும் திறனும் இருக்கிறது என்று எழுதலாம். “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவன்” என்றால், பயணம் செய்கிறார், கூட்டத்தில் நிற்கிறார், மனிதரோடு பழகுகிறார் என்று மூன்று செயல்களில் முடிவெடுக்கலாம். யார் கூட்டிப்போகிறார், கதிரையில் இருந்துதான் கும்பிடுகிறீர்களா, பூசை முடியும் முன் ஏன் வெளியே வருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுதாக வரும்.

மனநலம் தொடர்பான விண்ணப்பங்களில் 100இலிருந்து 7 கழிக்கச் சொல்வது, ஒரு சொல்லின் எழுத்துக்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வது போன்ற சிறு சோதனைகள் வரும். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் நேராகக் கேட்கலாம். ‘தெளிவாகப் பேசினார், மூச்சு வாங்கவில்லை’ என்று உங்கள் குரலைப் பற்றிய குறிப்பும் அறிக்கையில் ஏறும். மாத்திரை போட்டதால் இப்போது பேச முடிகிறது என்றால் அதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அழைப்புக்கு முன் செய்ய வேண்டியவை

1. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தேதி குறிக்கும்போதே கேளுங்கள். இலவசம். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் சிறுநீர் கசிவதையோ சாக நினைத்ததையோ மகனின் வாயால் சொல்லவைக்க எந்தத் தாயும் விரும்பமாட்டார்; அந்தப் பகுதி அப்படியே விடுபட்டுப்போகும்.
2. துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், வேறிடத்திலிருந்து அழைப்பில் சேரவும் செய்யலாம். நீங்கள் மறந்ததை அவர் சொல்லலாம், உங்களுக்குப் பதிலாக முழுவதையும் பேச முடியாது.
3. ஒலிப்பதிவு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். பின்னால் மேன்முறையீட்டுக்குப் போனால் இதுதான் பேசும். கேட்டால் மதிப்பீட்டாளர் கோபிப்பாரோ என்ற பயம் தேவையில்லை.
4. படிவத்தின் பிரதி, மருந்துப் பட்டியல், 12 செயல்களுக்கும் ஒவ்வொரு வரிக் குறிப்பு மேசையில் இருக்கட்டும். குறிப்பில் நான்கு விடயம் போதும்: எப்படிச் செய்கிறேன், எவ்வளவு நேரம், செய்தபின் என்ன, வாரத்தில் எத்தனை நாள்.
5. அழைப்பு பெரும்பாலும் இலக்கம் மறைத்தே வரும். தெரியாத இலக்கங்களைத் தடுக்கும் வசதி தொலைபேசியில் இருந்தால் அன்று நிறுத்திவையுங்கள். மதிப்பீட்டாளருக்கு உங்கள் வங்கி விவரம் தேவையில்லை, கேட்பவர் மோசடிக்காரர்.
6. அன்று முடியாவிட்டால் முன்பே அழைத்து வேறு தேதி கேளுங்கள். தகுந்த காரணமின்றி அழைப்பைத் தவறவிட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

நடுவில் வலித்தால் இடைவேளை கேட்கலாம். கேள்வி விளங்காவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லலாம். ஒரு செயலைப் பற்றிக் கேட்காமலே விட்டுவிட்டால், முடிக்கும் முன் “குளிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை” என்று நீங்களே தொடங்கலாம். மிகைப்படுத்துவது மட்டும் ஆகாது. எல்லாவற்றுக்கும் ‘அறவே ஏலாது’ என்று சொல்பவரை ஒருவரும் நம்புவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘இப்படிச் சொன்னால் பணம் கிடைக்கும்’ என்ற மனப்பாடப் பதில்களால் கெட்டவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

முடிவு வந்த பின்

கடிதத்தில் எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி என்று இருக்கும். சாதகமோ பாதகமோ, டிடபிள்யூபியிடம் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

முடிவை ஏற்க முடியாவிட்டால் முதலில் ‘கட்டாய மறுபரிசீலனை’. முடிவுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் பிந்தியும் ஏற்பார்கள், 13 மாதம்வரை. ‘அநியாயம்’ என்று எழுதுவதை விட, ‘உடுத்தலுக்கு 0 தந்துள்ளீர்கள், காற்சட்டை போட மனைவியின் உதவி வேண்டும் என்று படிவத்தில் உள்ளது, அழைப்பிலும் சொன்னேன்’ என்று செயல் செயலாக எழுதுவது எடுபடும்.

அதிலும் மாறாவிட்டால் தீர்ப்பாயம். அதற்கும் ஒரு மாதக் கெடு, கட்டணம் இல்லை. நீதிபதி, வைத்தியர், இயலாமை பற்றிய அனுபவமுள்ள ஒருவர் என மூவர் விசாரிப்பார்கள். விசாரணைவரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிவது அண்மை ஆண்டுகளின் நிலை. மறுபரிசீலனையோடு களைத்து விட்டுவிடுபவர்கள் அங்கே போவதேயில்லை. உள்ளூர் சிட்டிசன்ஸ் அட்வைஸ், சட்ட நிலையங்கள், கவுன்சிலின் நலன்புரி உரிமைப் பிரிவு ஆகியவற்றில் இலவச உதவி உண்டு.

ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்து, கூடுதலாகக் கேட்டு மேன்முறையிடுபவர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். தீர்ப்பாயம் எல்லாப் புள்ளிகளையும் புதிதாகப் பார்க்கலாம். கூட்டவும் செய்யும், இருப்பதைக் குறைக்கவும் செய்யும். மேலும் அது பார்ப்பது டிடபிள்யூபி முடிவெடுத்த நாளில் உங்கள் நிலையை. அதற்குப் பிறகு நோய் முற்றியிருந்தால் அதைத் தீர்ப்பாயத்தில் சொல்லிப் பயனில்லை. அது டிடபிள்யூபியிடம் ‘நிலைமை மாற்றம்’ என்றோ புதிய விண்ணப்பமாகவோ தனியே அறிவிக்க வேண்டியது. எதை எப்போது செய்வது என்பதை ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கையும் அது பாதிக்கலாம்.